மஞ்சள் தெளித்த அம்பாசடர்

ஏணிக்கு மேலே மஞ்சள் பெயிண்டோடு ஒருவன். ஏணிக்குக் கீழே மஞ்சள் புள்ளிகளோடு ஒரு வெள்ளை அம்பாசடர். அந்தக் காருக்குள்ளிருந்து காணாமல் போன ஒரு நகைப்பெட்டி. சப்-இன்ஸ்பெக்டர் மூன்றையும் கூட்டிப் பார்த்தார். கணக்கு அழகாக வந்துவிட்டது. அழகாக வந்துவிட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் அவருக்கு இல்லை.

அதனால், ஸ்ரீவில்லிபுத்தூரில் மதுரை போகும் சாலையோரச் சுவரில் ஒரு பல்பொடி விளம்பரத்தைப் பாதி எழுதிய நிலையில், ஞானதுரை ஏணியிலிருந்து நேராக லாக்கப்புக்கு இறங்கினான். சுவரில் 'பல்' மட்டும் இருந்தது. 'பொடி' இன்னும் வரவில்லை.

கார், ராஜபாளையத்து நூல் மில் முதலாளி வேங்கடேசனுடையது. மகள் கல்யாணத்துக்கான நகைகளை ஆண்டாள் சன்னிதியில் வைத்து எடுத்துப்போக வந்தாராம். சுவரோரம் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேங்காய் பழம் வாங்கப் போனாராம். திரும்பி வந்தால் வண்டி மேலெல்லாம் மஞ்சள். பின் சீட்டில் பெட்டி இல்லை. ஞானதுரை வேண்டுமென்றே பெயிண்டைக் கொட்டி, துடைக்கிற சாக்கில் இறங்கி வந்து, பெட்டியைக் கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏணியில் ஏறிக்கொண்டான் என்பது புகார். அந்தக் கூட்டாளி யார் என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கிற சத்தம் ரோடு வரை வந்ததாக அவன் மனைவி தங்கபாய் சொன்னாள்.

அவள் அதைச் சொல்லி அழுத இடம், சைக்கிள் கடை மாடியில் இருந்த பிச்சையம்மாளின் துப்பறியும் அலுவலகம்.

பிச்சையம்மாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் யார் யாரிடம் என்ன பொய் சொல்கிறார்கள் என்பதை வருஷக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டு கேட்டவள். ஆட்கள் தாங்களே நேராக டயல் செய்யும் வசதி வந்து அந்தச் சுகம் போனதும், வேலையை விட்டுவிட்டு அதே தொழிலைப் பலகை மாட்டி நடத்த ஆரம்பித்தாள். உதவிக்குச் சேதுபதி. பெயர் மன்னருடையது, வேலை ஸ்கூட்டர் ஓட்டுவது. அவனுடைய வாய் மட்டும் எந்த வேலையிலும் சேராமல் தனியாக ஓடும்.

"நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாவளாம். அதுக்குள்ள ஒத்துக்கிட்டா அடி இல்லைன்னு சொல்லுதாவ," என்றாள் தங்கபாய். "அவிய ஒத்துக்கிடுவாவ போலுக்கு, அக்கா. வலி தாங்காது."

பிச்சையம்மாள் ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. ஞானதுரை ஏணியிலிருந்து இறங்கினானா என்று மட்டும் கேட்டாள். அவன் சுவரைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததாகவும், கூட்டம் கூடிச் சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் கீழே கார் நிற்பதையே கவனித்ததாகவும் தங்கபாய் சொன்னாள். அதை அவன் ஸ்டேஷனிலும் சொன்னானாம். அங்கே அவர்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலாக இல்லையாம்.

முதலில் சுவருக்குப் போனார்கள். ஏணி அப்படியே சாய்ந்திருந்தது. பிச்சையம்மாள் கைக்குட்டையைச் சோடாக்கடைத் தண்ணீரில் நனைத்து 'பல்'லின் ஓரத்தை லேசாகத் துடைத்தாள். மஞ்சள் கைக்குட்டைக்கு வந்துவிட்டது.

"யக்கா, அந்தாளு ரெண்டு நாளு வெயில்ல நின்னு எழுதுனது. ஒரு துடைப்புல பல்லைப் பிடுங்கிட்டியளே," என்றான் சேதுபதி.

அது பசைத் தண்ணீரில் கலக்கிய வெறும் பொடி வண்ணம். பிச்சையம்மாள் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு கார் எங்கே என்று விசாரித்தாள். சாட்சியான கார் ஸ்டேஷன் வாசலில் நிற்கவில்லை. பெரிய மனிதரின் வண்டி வெயிலில் காயக் கூடாது என்று அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேங்கடேசன் அதை ராஜபாளையத்தில் ஒரு பட்டறைக்கு, பெயிண்ட் புள்ளிகளை எடுப்பதற்காக அனுப்பியிருந்தார்.

"நகை போன வீட்டுல ஆளுக நகையைத் தேடுவாவ. இவரு வண்டிக்கு மொகம் கழுவி விடுதாரு," என்றான் சேதுபதி. ஸ்கூட்டரை அவன் மிதித்த வேகத்தில் பிச்சையம்மாளின் குடை பறந்துபோயிருக்கும். அவள் அதை விரிக்கவில்லை.

பட்டறைக்காரர் வைகுண்டராஜ், டிங்கரிங் பெயிண்டிங் என்று பலகை போட்டு, தன் பெயரை அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தார். அம்பாசடர் கொட்டகைக்குள் இருந்தது. இடது பக்க முன் மட்கார்டும் கதவுகளும் ஏற்கெனவே வெள்ளைக்குத் திரும்பியிருந்தன. பின்பக்கமும் அதை ஒட்டிய மட்கார்டும் மட்டும் அம்மை போட்டதுபோல் மஞ்சள் கொப்புளத்தோடு மிச்சமிருந்தன. சாட்சியில் பாதி, பட்டறைத் தரையில் அழுக்குத் துணியாகக் கிடந்தது.

தான் துப்பறிபவள் என்று பிச்சையம்மாள் சொல்லிக்கொள்ளவில்லை. தன் அண்ணன் காரிலும் இதேபோல் பெயிண்ட் தெறித்துவிட்டது, எப்படி எடுப்பது என்று கேட்டாள். வைகுண்டராஜுக்கு அது போதுமாக இருந்தது. சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்தாராம், அசையவில்லை. மண்ணெண்ணெய் போட்டு ஊறவிட்டாராம், அதற்கும் அசையவில்லை. கடைசியில் தின்னரைத் துணியில் தொட்டு, சொட்டுச் சொட்டாக ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார். அழுத்தித் தேய்த்தாலோ செத்த நேரம் கூட விட்டாலோ காரின் சொந்தப் பெயிண்டே கையோடு வந்துவிடும். எடுத்த இடமெல்லாம் மங்கிப்போகும். பிறகு பாலிஷ் போட்டு மினுக்க வேண்டும். இடது பக்கக் கண்ணாடிகளைச் சுரண்டி எடுக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்றாம். இதற்குப் பதில் அந்த மில் முதலாளி புது வண்டி வாங்கலாம் என்பது அவருடைய கட்சி.

பிச்சையம்மாள் சேதுபதியைப் பார்த்தாள். சுவரில் தண்ணீருக்கே கரைந்த மஞ்சள், வண்டியில் மண்ணெண்ணெய்க்கும் மசியாத மஞ்சளாகிவிட்டது. இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தவை என்று சொல்ல ஒரு சப்-இன்ஸ்பெக்டரால்தான் முடியும்.

"இது இரும்புக் கதவுக்கு அடிக்கிற எனாமலு," என்று வைகுண்டராஜே சொன்னார். "அதுகூடப் பரவால்ல. ஒவ்வொரு சொட்டுலயும் முடி முளைச்சிருக்கு. ஒத்தி எடுக்கும்போதெல்லாம் நாரு நாரா இழுக்குது."

"மொதல்ல சவரம் பண்ணிட்டுப் பொறவு பெயிண்டை எடுங்க அண்ணாச்சி," என்றான் சேதுபதி.

பிச்சையம்மாள் சிரிக்கவில்லை. குனிந்து, மட்கார்டில் இருந்த ஒரு சொட்டை நகத்தால் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சளுக்குள் வெள்ளையாக, மயிரிழை போல, ஏதோ அமிழ்ந்து காய்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தாள். பஞ்சு. அடுத்த சொட்டிலும் பஞ்சு. அதற்கடுத்ததிலும். பெயிண்ட் ஈரமாக இருந்தபோது காற்றில் பறந்த பஞ்சு அதன்மேல் உட்கார்ந்து, அதோடு சேர்ந்து இறுகியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுக் காற்றில் தூசி உண்டு, பால்கோவா வாசனை உண்டு. பஞ்சு பறப்பதற்கு அங்கே வழியில்லை. பஞ்சு பறக்கிற இடம் எது என்பதை ராஜபாளையத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மில்லுக்குள்ளயே தெளிச்சு, காய வச்சு, பொறவு ஊர்வலமா வில்லிபுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ," என்றாள் மெதுவாக.

சேதுபதி பின்பக்கம் போய் டிக்கியைப் பார்த்தான். அதன் நடுவில் நீல எழுத்தில் 'வஞ்சுளவல்லி' என்று எழுதியிருந்தது. சுற்றிலும் அவ்வளவு மஞ்சள். எழுத்துகளின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. பெயிண்டுக்கு வாசிக்கத் தெரியும் போலிருக்கிறது, பெண்பிள்ளை பெயரைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கிப்போயிருக்கிறது என்றான். பிச்சையம்மாள் அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

அப்போது டிரைவர் பால்ச்சாமி வந்தார். வேலை முடிந்ததோ இல்லையோ, சாயங்காலத்துக்குள் வண்டி வேண்டும் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தாராம். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, காரைத் தொடும்போது மாட்டைத் தடவிக் கொடுப்பது போன்ற கை. பிச்சையம்மாள் இப்போது தான் யார் என்பதைச் சொல்லி, மில் வரை கூடவே வருவதாகச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. அவளுடைய ஸ்கூட்டர் பட்டறையில் நின்றது.

வழியில் அவள் அன்றைய விவரம் கேட்டாள். அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்றார் பால்ச்சாமி. கல்யாணப் பத்திரிகை வாங்க முதலாளி அவரை முதல் பஸ்ஸில் சிவகாசிக்கு அனுப்பிவிட்டார். முதலாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு வெளியூர் போனது அவருக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. பத்திரிகை அன்றைக்குத் தயாராகவும் இல்லை. அடுத்த நாள் வரச் சொல்லித்தான் முதலிலேயே சொல்லியிருந்தார்களாம்.

பின் சீட்டில் சேதுபதி பிச்சையம்மாளின் காதோடு பேசினான். மில்லுக்குள் வந்து போகிறவர், காரைத் தொடுகிறவர், நகைப்பெட்டி போவது தெரிந்தவர், பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் இறங்கியிருக்கக் கூடியவர் என்று அடுக்கினான். ஆள் இன்னாரென்று அவன் சொல்லவில்லை. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

மில் வளாகத்துக்குள் நுழைந்ததும் பஞ்சு வந்து வரவேற்றது. மரத்தில் பஞ்சு, காவல்காரரின் புருவத்தில் பஞ்சு, கார் கொட்டகையின் சிலந்திவலையில் பஞ்சு. கொட்டகையில் வண்டி நின்றதும் சேதுபதி தரையைப் பார்த்தான். ஒரு பக்கமாகப் புது மணல் பரப்பியிருந்தது. செருப்பால் ஒதுக்கினான். மஞ்சள் தெரிந்தது. மூலையில், கல்யாணத்துக்காக வீட்டுக் கதவுக்கு அடித்த பெயிண்டின் மிச்சம், மூடி நசுங்கிய டப்பாவாக உட்கார்ந்திருந்தது. ஒளித்துவைக்கவும் இல்லை. தங்கள் மேல் சந்தேகம் வரும் என்று எதிர்பார்க்காதவர்கள் வீட்டில் பொருள்கள் அந்தந்த இடத்திலேயே இருக்கும்.

வீடு மில்லை ஒட்டியே இருந்தது. வேங்கடேசன் தகவல் கேட்டு வந்தார். பின்னால் அவருடைய மகள் வஞ்சுளவல்லி, பத்திரிகைக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்த பேனாவோடு வந்து நின்றாள். தாயில்லாத பெண். வெள்ளிக்கிழமை சாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நகை பார்க்க வருவதாக இருந்தது.

பிச்சையம்மாள் தான் பார்த்ததையெல்லாம் சொன்னாள். தண்ணீரில் கரையும் மஞ்சள், கரையாத மஞ்சள், பஞ்சு, மணல், டப்பா. ஞானதுரைக்கும் இந்தப் பெயிண்டுக்கும் சம்பந்தமில்லை என்று முடித்தாள்.

வேங்கடேசன் அதிர்ந்துபோவார் என்று சேதுபதி எதிர்பார்த்தான். அவர் அதிரவில்லை. மெச்சிக்கொண்டார். இவ்வளவு புத்திசாலியான பெண்மணி வில்லிபுத்தூரில் இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். அந்தப் பெயிண்டர் பாவம், உடனே ஆள் அனுப்பி விடச் சொல்கிறேன் என்றார். பிறகு, ஒரு கைதிக்குப் பதில் இன்னொரு கைதியை எடுத்துக் கொடுப்பது கடையில் சரக்கு மாற்றிக் கொடுப்பதுபோல் சுலபம் என்கிற முகத்தோடு திரும்பினார்.

"பால்ச்சாமி, நீயாலே இதைச் செஞ்சே?"

பால்ச்சாமி வண்டியிலிருந்து கையை எடுத்தார். அன்று காலையில் வண்டியை அவன்தான் துடைத்தான், அப்போதே தெளித்திருக்கிறான், தான் வலது பக்கம் ஏறியதால் கவனிக்கவில்லை, சிவகாசி பஸ்ஸிலிருந்து இறங்கி வில்லிபுத்தூருக்குப் பின்னாலேயே வந்து பெட்டியை எடுத்திருக்கிறான், சாவி வேறு இன்னொன்று அவனிடம் இருக்கிறது என்று வேங்கடேசன் வரிசையாகச் சொன்னார். நன்றாகத்தான் பொருந்தியது. சேதுபதி வரும் வழியில் காதோடு சொன்னது ஏறக்குறைய இதுதான். அதே கதை முதலாளி வாயிலிருந்து வரும்போது அவனுக்கே பிடிக்காமல் போனது.

"அண்ணாச்சியைத் திட்டுறது பொறவு இருக்கட்டும். எல்லாரும் செத்த நேரம் வண்டிக்குப் பின்னால வாங்க," என்றாள் பிச்சையம்மாள்.

வந்தார்கள். டிக்கியில் நீல எழுத்துப் பெயர். அதைச் சுற்றி நான்கு பக்கமும் வெட்டியதுபோல் நேர்கோட்டில் ஒரு வெள்ளைக் கட்டம். கட்டத்துக்கு வெளியே மஞ்சள் மழை; உள்ளே ஒரு தூறல்கூட இல்லை. கோட்டின் ஓரத்தில், துணி விளிம்பில் பெயிண்ட் தேங்கியதால் வந்த சின்னத் தடிப்பு.

"தெளிக்கிறதுக்கு முன்னால ஒருத்தர் இந்தப் பேரைத் துணி போட்டு மூடியிருக்காரு," என்றாள். "வில்லிபுத்தூர் பெயிண்டருக்கு இந்தப் பேரு யாருதுன்னே தெரியாது. நகை எடுக்க வந்தவன் வண்டி எக்கேடு கெட்டா என்னன்னு இருப்பான். டிரைவர் அண்ணாச்சி மூடுறதா இருந்தா கண்ணாடியை மூடியிருப்பாரு. அதைச் சுரண்டி எடுக்க வேண்டியது அவருதான். இடது பக்கக் கண்ணாடியெல்லாம் மஞ்சளா இருந்துச்சுன்னு பட்டறைக்காரரு அம்புட்டுப் புலம்புனாரு. இந்த வண்டியில கெட்டுப்போகக் கூடாதுன்னு ஒருத்தர் நினைச்சது இந்த ஒரு பேரு மட்டும்தான். அது யாருன்னு நான் சொல்லணுமா, முதலாளி?"

வஞ்சுளவல்லி முன்னால் வந்து அந்த வெள்ளைக் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அவள் பிறந்த வருஷம் வாங்கிய வண்டி. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்பா?"

வேங்கடேசன் இன்னொரு விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். மகளின் கையைப் பார்த்தார்.

"உன் பேரு மேல தெளிக்கக் கை வரலைம்மா," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக வந்தது. பஞ்சு விலை ஏறியதிலிருந்து மில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மாவின் நகைகளை அவர் மதுரைக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றாக எப்போதோ விற்றுவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிறவர்களிடம் விற்றுவிட்டேன் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். திருட்டுப் போய்விட்டது என்றால் ஊர் வந்து துக்கம் விசாரிக்கும். மஞ்சள் பெயிண்டோடு ஏணியில் நின்ற ஒருவனை அவர் முந்தின நாள் அந்த வழியாக வந்தபோது பார்த்திருந்தார். அவன் பெயரை ஸ்டேஷனில்தான் தெரிந்துகொண்டார். பெட்டியைப் பற்றிப் பிச்சையம்மாள் கேட்டாள். பெட்டி என்று ஒன்று அந்தக் காரில் ஏறவே இல்லை.

"கல்யாணம் முடிஞ்சதும் அவனை எப்படியாவது வெளியில எடுத்திருப்பேன்," என்றார் மகளிடம்.

வஞ்சுளவல்லி கையை எடுத்தாள். "உங்களுக்கு மானம் போகக் கூடாது. அந்த ஆளுக்கு முதுகுத் தோலு போகலாம். இல்லையாப்பா?"

அவர் உட்கார இடம் தேடினார். கொட்டகையில் நாற்காலி கிடையாது. அவள் அவரை உட்காரவும் விடவில்லை. வண்டியில் ஏறச் சொன்னாள். ஏறினார். பால்ச்சாமி, தன்னைத் திருடன் என்று சொன்னவருக்காக வழக்கம்போல் கதவைத் திறந்துவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை சேதுபதிகூட ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் கணக்கை மறுபடி போட வேண்டியதாயிற்று. அதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை. முதலில் வேங்கடேசனுக்கு நாற்காலி போட்டார். வாக்குமூலம் வளர வளர, அந்த நாற்காலியை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தார். பொய்ப் புகார் கொடுத்தவர் மேல் வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று தாழ்ந்த குரலில், மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். ஞானதுரையிடம் அப்படி யாரும் கேட்கவில்லை. போகலாம் என்று மட்டும் சொன்னார்கள்.

அவன் வெளியே வந்தபோது தங்கபாய் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். வலது கையை அவனால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. எழுதுகிற கை. வேங்கடேசன் எழுந்து கும்பிட்டார். ஞானதுரை அவரைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினான். பிச்சையம்மாள் அவர்களை ஒரு ரிக்ஷாவில் ஏற்றி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, காயங்களை எழுதி வாங்கச் சொன்னாள். அந்தச் சீட்டு வேங்கடேசனுக்கு மட்டுமல்ல, உள்ளே அடித்தவர்களுக்கும் வேண்டியிருக்கும் என்று சப்-இன்ஸ்பெக்டர் காதில் விழும்படி சொன்னாள்.

உள்ளே, வஞ்சுளவல்லி ஸ்டேஷன் போனில் சாத்தூருக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நகை திருட்டுப் போகவில்லை, அப்பா விற்றுவிட்டார், பொய்ப் புகார் கொடுத்ததற்காக இப்போது ஸ்டேஷனில் இருக்கிறார் என்று ஒன்றையும் விடாமல் சொன்னாள். மறுமுனையில் பேச்சு நீளமாக இருந்தது. அவள் சுருக்கமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்தாள்.

வெளியே வந்தபோது பால்ச்சாமி காரின் பின்பக்கம் நின்றிருந்தார்.

"என்ன சொன்னாவம்மா?"

"யோசிச்சுச் சொல்லுதோம்னாவ. வேண்டாம், நான் யோசிச்சிட்டேன்னு சொல்லிட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மட்கார்டில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் சொட்டை நகத்தால் சுரண்டினார். மிச்சத்தைத் தானே தின்னர் வாங்கிக் காலைக்குள் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

"எடுக்க வேண்டாம் அண்ணே," என்றாள் அவள். "அப்படியே இருக்கட்டும். அப்பா தெனம் அதுலதான ஊருக்குள்ள போகணும்."

பின் கதவை அவர் திறப்பதற்கு முன்னால் அவள் முன் கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பால்ச்சாமி வண்டியை எடுத்தார்.